அரைக் கட்டளையும் முழுக் கட்டளையும்

கட்டளை இடுவது எளிது. அது உரியவர் காதில் விழுந்து, கருத்தில் பதிந்து, காலை அசையச் செய்வதே அரிது. அமைதியான நாட்களில் இந்த வேறுபாடு நமக்குப் புலப்படுவதில்லை. மலை சரியும் வேளையிலும், வெள்ளம் பெருகும் வேளையிலும், பெருங்கூட்டம் நெருக்குண்டு தவிக்கும் வேளையிலுமே அதன் விலை என்னவென்பது தெரியவருகிறது. அந்த விலை பெரும்பாலும் மனித உயிராகவே இருக்கிறது.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும், அவற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர்க்கு இது வெறும் ஏட்டுப் பொருளன்று. வைகாசி பிறந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதுகின்ற மலைச்சரிவுகளிலேதான் நமது லயங்கள் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் அடைமழை. ஆகவே, ஆபத்து வேளையில் கட்டளை இடுபவர் யார், அக்கட்டளை எப்படி இருக்கவேண்டும் என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமை வாசக நேயர்களோடு சேர்ந்து சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதத்திலே, ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் பஸ்ஸில் நாம் பயணஞ் செய்துகொண்டிருந்தோம். கொட்டகலையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பாதையோரத்து மேடு இடிந்து வழியை மறித்துக்கொண்டது. மண்ணுக்கு வெளியே ஒரு முச்சக்கர வண்டியின் பின்புறம் மட்டும் தெரிந்தது. வண்டிக்குள் ஆளில்லை என்று அதன் சாரதியே வந்து சொன்னார்; ஆயினும், கூச்சலிலே அவர் சொல் ஒருவர் காதிலும் ஏறவில்லை. இளைஞர் சிலர் மண்மேட்டின்மீது பாய்ந்து ஏறினர். ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு கட்டளை. அப்போது மோட்டார் சைக்கிளில் ஒரேயொரு பொலிஸ் காவலர் வந்து இறங்கினார்.

அவர் மண்ணைத் தொடவே இல்லை. அதுதான் நமக்கு முதலில் வியப்பாயிருந்தது. சாரதியை அழைத்து இரண்டு கேள்விகள் கேட்டார். பிறகு மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “தம்பிமார், இறங்குங்க. மேல மண்ணு இன்னும் நிக்குது. அடியில ஆள் இல்ல, நான் கேட்டுட்டேன்.” இளைஞர்கள் இறங்கினர். பஸ் நடத்துநரை ஒரு வளைவுக்கும், ஒரு பெரியவரை மற்றை வளைவுக்கும் அனுப்பி, வரும் வாகனங்களைத் தூரத்திலேயே நிறுத்தச் செய்தார். அதன் பின்னரே தொலைபேசியை எடுத்தார். எந்த இடம், என்ன நிகழ்ந்தது, யாருக்கேனும் காயமுண்டா, இனி வரக்கூடிய ஆபத்து எது, எந்தப் பக்கத்துப் பாதை திறந்திருக்கிறது, எந்த இயந்திரம் தேவை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, நேரத்தைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பொறுப்பதிகாரி வந்து சேர்ந்ததும் அத்தனையையும் சுருக்கமாக ஒப்புவித்து, “இனி ஐயா பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பொறுப்பை அவர் கையில் தந்துவிட்டு, தாம் வளைவிலே போய் நின்றுகொண்டார்.

அந்தக் காவலர் செய்தது தற்செயலானதன்று; உலகெங்கும் பொலிசாருக்குக் கற்பிக்கப்படும் பாடம் அது. பேராபத்து நிகழ்ந்த இடத்துக்கு முதலில் வருபவர் மீட்பு வேலையில் இறங்கிவிடக் கூடாது. அவர் முதலில் பார்க்கவேண்டும். பார்த்ததைப் பிழையின்றிச் சொல்லவேண்டும். கூட்டத்தை விலக்கி வழியைத் திறந்து வைக்கவேண்டும். அவர் கையால் ஒருவரைத் தூக்கப் போனால், பின்னால் வரவேண்டிய நூறு கைகளுக்கு வழி சொல்ல ஆளில்லாமற் போய்விடும். கேட்பதற்கு இது கல்நெஞ்சம் போலத் தோன்றலாம். ஆயினும், பலரைக் காக்கும் கருணை அதுவே.

ஒரு மண்மேட்டுக்கு ஒரு காவலர் போதும். ஒரு மலையே சாவுக்களமானால் என்ன செய்வது? 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கட்டுநாயக்காவில் இறங்குவதற்காக வந்த மார்ட்டின்ஏர் விமானம் நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியாப் பக்கத்திலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதி நொறுங்கியது. விமானத்தில் இருந்த 191 பேரும் மாண்டனர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளில் இன்றளவும் அதுவே பெரியது. அவ்விமானத்தின் சக்கரம் ஒன்று நோட்டன் பிரிட்ஜிலே நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருப்பதைப் பயணிகள் பலர் கண்டிருப்பர். இருட்டு, செங்குத்தான சரிவு, வண்டி ஏறாத ஒற்றையடிப் பாதை, தொலைவிலுள்ள மருத்துவமனை: இவை நான்கும் மலைநாட்டின் எந்தப் பெருவிபத்திலும் முதலில் வந்து நிற்கும் எதிரிகள். இத்தகைய இடத்தில், பொலிசார், படையினர், மருத்துவர், தோட்டத்தார் ஆகிய பல திறத்தார் வந்து கூடுகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு தலைவர் உண்டு. ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஒரு தலைவர் வேண்டுமல்லவா?

இந்த வினாவுக்குப் பிரித்தானியப் பொலிசார் கண்ட விடை அறிந்துகொள்ளத்தக்கது. 1985ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டன் நகரின் டொட்டன்ஹாம் பகுதியில் மூண்ட கலவரத்தில் ஒரு பொலிஸ் காவலர் கொல்லப்பட்டார். அந்த அனுபவத்தின் பின்னர் லண்டன் மாநகரப் பொலிசார் கட்டளைப் பொறுப்பை மூன்றாக வகுத்தனர்; தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தனர். தங்கம் தொலைவிலிருந்து, என்ன சாதிக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். வெள்ளி, அதை எவ்வாறு சாதிப்பது என்று திட்டமிடும். வெண்கலம் களத்தில் நின்று செய்து முடிக்கும். இங்கே நாம் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. இவை தோளிலுள்ள பட்டிகளைக் குறிப்பவை அல்ல. அன்றைய பொறுப்பைக் குறிப்பவை. பதவியிற் பெரியவர் என்பதற்காக ஒருவர் களத்துக்கு வந்து, அங்கே நிற்பவரின் கையிலுள்ள வேலையைப் பறித்துக்கொள்ளக் கூடாது என்பதே இதன் உட்கருத்து.

முறை வகுத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதை அதே நாடு நான்கே ஆண்டுகளில் கண்டது. 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் உதைபந்தாட்டப் போட்டி ஒன்று. வெளியே கூட்டம் நெருக்குண்டு தவித்தது. பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆன பொலிஸ் அதிகாரி, வெளிவாயிலைத் திறக்கக் கட்டளையிட்டார். கூட்டத்தின் நெருக்கம் தணியும் என்பது அவர் எண்ணம். ஆனால் உள்ளே நுழைபவர் எங்கே போவர் என்பதற்கு அவர் கட்டளையில் இடமில்லை. முன்னமே நிறைந்திருந்த அடைப்புகளுக்குச் செல்லும் சுரங்கவழி மூடப்படவில்லை. ஆயிரக்கணக்கானோர் அதற்குள் பாய்ந்தனர். 97 பேர் உயிர் துறந்தனர். பழியை முதலில் பார்வையாளர்மீதே சுமத்தினர். 2016ஆம் ஆண்டில்தான், குற்றம் அவர்களுடையதன்று என்று மரண விசாரணையில் தீர்ப்பாயிற்று.

‘திற’ என்றது கட்டளையின் ஒரு பாதி. ‘இந்த வழியால் போக விடு’ என்பது மறு பாதி. அந்த மறுபாதி சொல்லப்படவில்லை. இத்தகையதையே நாம் அரைக் கட்டளை என்கிறோம்.

அரைக் கட்டளையின் கொடுமையை அறிய நாம் ஷெஃபீல்ட் வரை போகவேண்டியதில்லை. பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் அங்கே மலை பெயர்ந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் சிலர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் வாழத் தகாதது, மக்கள் அகலவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது என்பது பின்னர் எல்லாரும் அறிந்த செய்தியாயிற்று. ‘அகல்க’ என்ற சொல் இருந்தது. ‘எங்கே?’ என்ற கேள்விக்கு விடை இருக்கவில்லை. தன் பெயரில் ஒரு சாண் நிலமும் இல்லாத தோட்டத் தொழிலாளி, லயத்தை விட்டு எங்கே போவான்? மாட்டை எங்கே கட்டுவான்? நாளைய பெயர் எந்தத் தோட்டத்தில் விழும்? உயிர் தப்பியவர்களில் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே நெடுநாள் தங்கியிருந்தனர். மாற்று வீடுகள் கைக்கு வர 2016ஆம் ஆண்டு ஆயிற்று. மலை சரிந்த பின் கிடைத்த அந்த வீடு, சரியும் முன்பே கிடைத்திருந்தால் அதுவே முழுக் கட்டளையாகியிருக்கும்.

இன்னொன்றையும் மீரியபெத்தை காட்டியது. மண்ணுக்கடியில் எத்தனை பேர்? நூறென்றனர், இருநூறென்றனர், முந்நூறென்றும் சொன்னார்கள். முதல் நாட்களில் எந்த எண்ணும் நிலைக்கவில்லை. எத்தனை பேரைத் தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு லயத்திலும் எத்தனை குடும்பம், எத்தனை முதியோர், எத்தனை கைக்குழந்தை என்ற கணக்கு ஒன்று தோட்டத்திலும், மற்றொன்று மலைக்கு அப்பால் பொலிஸ் நிலையத்திலும் இருக்கவேண்டும். கொழுந்தின் எடையை நாள்தோறும் எழுதிவைக்கும் தோட்டத்துக்கு இது பெரிய காரியமா?

கட்டளையின் மறுபாதி இடம் மட்டுமன்று, மொழியுமாகும். மலைநாட்டுத் தோட்டம் ஒன்றிலே, மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது, ஒலிபெருக்கி பூட்டிய ஜீப் வண்டி ஒன்று லயத்தோரமாக அறிவித்தல் கூறிக்கொண்டே சென்றதை நாம் கேட்டோம். அறிவித்தல் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. நமக்குப் பக்கத்தில் நின்ற மூதாட்டி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “அந்த ஜீப்பு என்னா சொல்லிட்டுப் போவுது, தம்பி?” என்று கேட்டார். “கீழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்கிறார்கள், அம்மா” என்றோம். “அதத் தமிழுல சொன்னா வாய் வலிக்குமா?” என்று சொல்லிக்கொண்டே அவர் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடப் போனார். வண்டியில் இருந்தவரிடம் குரோதம் எதுவும் இருந்திருக்காது. மழையில் நனைந்துகொண்டு கடமை செய்தவரே அவர். ஆனால் அவருடைய கட்டளை அந்த லயத்தின் வாசற்படியோடு நின்றுவிட்டது.

1987ஆம் ஆண்டில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டப் புத்தகத்தில் மொழிக்கு இடம் கிடைத்து இத்தனை ஆண்டுகள் சென்றும், ஆபத்து நாளில் அது ஒலிபெருக்கிவரை வந்து சேரவேண்டியிருக்கிறது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைத் தாக்கியபோது 600 பேருக்கு மேல் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே பெருந்துயரைச் சுமந்தன. பாதைகள் அறுந்தன, தொலைபேசிகள் ஓய்ந்தன, எத்தனையோ தோட்டங்கள் தனித் தீவுகளாயின. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் வரவில்லை என்ற மனக்குறை அப்போதும் எழுந்தது. பருவமழை ஆண்டுதோறும் வருவது. மொழிபெயர்ப்பாளரை மழை தொடங்கிய பின் தேடலாமா?

இடமும் மொழியும் இருந்துவிட்டால் கட்டளை முழுமையாகிவிடுமா? இன்னும் ஒன்று வேண்டும். அது நம்பிக்கை. இதைச் சொல்லும்போது கசப்பான சில நினைவுகளைத் தொடாமல் இருக்க முடியாது. தோட்டத்து மக்கள் காக்கிச் சட்டையை முதன்முதலில் அறிந்தது தங்களைக் காக்க வந்ததாக அன்று. 1940ஆம் ஆண்டு ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். அதைத் தொடர்ந்த வழக்குகள் தொடர்பாக உள்நாட்டு அமைச்சர் சேர் பாரன் ஜயதிலக்க விடுத்த அறிவுறுத்தலைப் பொலிஸ் மா அதிபர் ஏற்கவில்லை. ஆளுநர் கோல்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர் சபையே பதவி துறந்தது. பொலிசாருக்குக் கட்டளை இடுபவர் யார் என்ற வினா, ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து புறப்பட்டு நாட்டின் ஆட்சியையே அசைத்த வரலாறு இது. பின்னர் 1977ஆம் ஆண்டு மே 11ஆம் திகதி, நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானார்.

பழம்புண்ணைக் கிளறுவது நமது நோக்கமன்று. இன்று மண்ணைத் தோண்டிப் பிள்ளைகளைத் தூக்கும் கைகளிலும் காக்கிச் சட்டைக் கைகள் பல உள்ளன. அவற்றை நன்றியோடு வணங்குகிறோம். நாம் சொல்ல வருவது இதுதான்: ‘எழுந்து வா’ என்று நள்ளிரவிலே கதவைத் தட்டும் குரலை நம்பி ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறப்படவேண்டுமானால், அந்தக் குரல் அவளுக்கு முன்பே அறிமுகமானதாய் இருக்கவேண்டும். முறைப்பாடு சொல்லப் பொலிஸ் நிலையத்துக்குப் போன நாளில் அவளை உட்காரச் சொல்லி, அவள் மொழியில் கேட்டு எழுதிக்கொண்ட அதிகாரிக்கு, மழை இரவிலே குரலை உயர்த்தவேண்டிய தேவை இராது.

இத்தகைய ஒழுங்கு நமது மலைகளில் இயலாததன்று என்பதற்குச் சிவனொளிபாத மலையே சான்று. மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசிப் பூரணை வரையிலான பருவத்தில், நல்லதண்ணி வழியாக ஒரே இரவில் ஆயிரமாயிரம் மக்கள் அந்தக் குறுகிய படிகளில் ஏறி இறங்குகின்றனர். அங்கே காவல் நிலைகள் உண்டு; முதலுதவி நிலையங்கள் உண்டு; காணாமற்போன பிள்ளையைப் பற்றி இரு மொழிகளிலும் கூறும் ஒலிபெருக்கியை நாமே கேட்டிருக்கிறோம். யாத்திரிகர் வருவர் என்பது தெரியும். ஆகவே ஆயத்தம் நடக்கிறது. மழை வரும் என்பதும் தெரிந்ததுதானே? 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்று மண்சரிவுக்குரிய அளவுகளும் வகுக்கப்பட்டிருக்கின்றன. அளவு இருக்கிறது; அந்த அளவை லயத்துக்குக் கொண்டுசெல்லும் குரலே வேண்டியிருக்கிறது.

அந்தக் குரலையும் வெளியே தேடவேண்டியதில்லை. தோட்டம் தொடக்கத்திலிருந்தே ஒரு கட்டளைச் சங்கிலி. துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று இறங்கிவரும் அந்தச் சங்கிலி, விடியற்காலையில் தப்பு முழங்கி ஆயிரம் பேரைப் பிரட்டுக் களத்தில் நிறுத்திய காலம் உண்டு. வேலைக்கு எழுப்பத் தெரிந்த தோட்டத்துக்கு, உயிர் காக்க எழுப்பவும் தெரியவேண்டும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. மாவட்டந்தோறும் அதற்கான அலுவலகமும் அமைந்தது. அந்தச் சங்கிலியின் கடைசி வளையம் கிராம உத்தியோகத்தரோடு நின்றுவிடாமல், தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, கோயில் பூசாரி, பாடசாலை ஆசிரியர் என்று லயத்துக்குள் நுழையவேண்டும். மாவட்டச் செயலகம் தங்கமானால், பொலிஸ் நிலையம் வெள்ளியானால், வெண்கலம் லயத்துக்குள்ளேயே இருக்கிறது. தொலைபேசி ஓய்ந்தாலும் தப்பு ஓயாது. மின்சாரம் நின்றாலும் கோயில் மணி நிற்காது. இத்தனை அடி அடித்தால் இன்ன பொருள் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதற்குப் பணமும் வேண்டியதில்லை.

அதிகாரிகள் செய்யவேண்டியதை அவர்கள் செய்யட்டும். செய்யும்வரை கேட்டுக்கொண்டிருப்பது நமது உரிமை. வீட்டிலே நாம் செய்யக்கூடியதும் உண்டு. இன்றிரவு உணவுக்குப் பின், குடும்பமாக அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த லயத்தை விட்டு உடனே போகச் சொன்னால் எங்கே போவோம், எந்த வழியால் போவோம்? நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவார்? அங்கே போய்ச் சேர்ந்ததும் தலையெண்ணிக் கணக்குச் சொல்பவர் யார்? மாணவ மணிகளே, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990 என்ற மூன்று இலக்கங்களையும் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பக்கத்தில், உங்கள் லயத்தில் வாழும் அத்தனை பேரின் பெயரையும் எழுதுங்கள். அதில் ஒரு பிரதியை ஆசிரியர் மூலமாகப் பொலிஸ் நிலையத்துக்குக் கொடுத்தனுப்புங்கள். வாங்கிக்கொள்ளும் அதிகாரியின் பெயரைக் கேட்டு வாருங்கள். மழைக்காலம் வருமுன் அவர் உங்கள் லயத்தை ஒருமுறை வந்து பார்க்கட்டும்.